அத்தியாயம் 7: நான்கு டிஸ்க், ஒரே வால்யூம்

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். ஒரு கல்யாணத்தில் இரண்டு கேமராக்கள் தலா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. 4 டிபி டிஸ்க் ஒன்றில் ஏழு கல்யாணம் அடங்கும். எட்டாவதற்கு வேறு டிஸ்க் தேட வேண்டும். ஆவணி, தை மாதங்களில் வேலை குவியும் ஸ்டுடியோவுக்கு ஒரு டிஸ்க் என்பது சில வாரத் தீனிதான். அதன் பிறகு "டிஸ்க்1", "டிஸ்க்2", "டிஸ்க்2 புதுசு" என்று பெயர்கள் பெருகும். எந்தக் கல்யாணம் எதில் கிடக்கிறது என்பது ஒரே ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருக்கும். அவர் லீவு போட்டால் வேலை நிற்கும். நான்கு டிஸ்கையும் இணைத்து ஒரே வால்யூமாக்கினால் இந்தத் தொல்லை தீரும். அதை எப்படிச் செய்வது, செய்வதற்கு முன் எதைத் தீர்மானிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

யூனிக்ஸ் இந்தச் சிக்கலைப் பிறந்த நாளிலிருந்தே அறியும். டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் பிடிபி-11 கணினியைப் பற்றிச் சொல்கிறார்கள்: 1 எம்பி அளவில் வேகமான டிஸ்க் ஒன்று, தலா 2.5 எம்பி கொண்ட கழற்றி மாட்டும் டிஸ்குகள் நான்கு, 40 எம்பி டிஸ்க் ஒன்று. ரூட் டைரக்டரி சின்ன டிஸ்கில் இருந்தது; பயனர்களின் ஃபைல்கள் பெரிய டிஸ்கில் இருந்தன; கணினி எழும்போது பெரியதைச் சின்னதன் மரத்தில் ஒரு கிளையாக மவுன்ட் செய்தார்கள். அந்த முறை இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆனால் மவுன்ட் செய்வதால் பெயர்கள்தான் ஒரே மரத்தில் சேர்கின்றன, இடம் சேர்வதில்லை. ஒரு டிஸ்க் நிரம்பி வழிய, பக்கத்து டிஸ்க் காலியாகக் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஹார்டு லிங்க் போட முடியாது. ஃபைலை நகர்த்தச் சொன்னால் கணினி முழுவதையும் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும்.

டிஸ்குக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவே வால்யூம் மேனேஜர் என்று ஓர் அடுக்கைப் போட்டதுதான் அடுத்த கட்டம். ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ் ஆகியவற்றில் அது இருந்தது. எச்பி-யூஎக்ஸைப் பார்த்து ஹெய்ன்ஸ் மாவல்ஷாகன் 1998-இல் லினக்ஸுக்கான எல்விஎம்-ஐ எழுதினார். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் இருவரும் 2001-இல் தொடங்கிய இசட்எஃப்எஸ் வேறு வழியில் போனது. வால்யூம் மேனேஜரும் ஃபைல் சிஸ்டமும் அதில் ஒரே மென்பொருள். 2005-இல் அது ஓப்பன் சோலாரிஸில் வெளிவந்தது. பவெல் யாகுப் டவிடெக் 2007-இல் அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஃப்ரீபிஎஸ்டியும் இசட்எஃப்எஸ்ஸும். சிஸ்டம் தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது, தரவுக்கு நான்கு 4 டிபி டிஸ்குகள் காலியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ்காரர்களுக்கும் இசட்எஃப்எஸ் கட்டளைகள் இவையேதான்; பார்ட்டிஷன் போடும் கருவி மட்டும் மாறும். எல்விஎம் பற்றிக் கடைசிப் பகுதிகளில் வருகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துகள்.

எது செத்தால் எது போகும்?

"மொத்தம் எவ்வளவு இடம் கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது: ஒரு டிஸ்க் செத்தால் எது போகும், இரண்டு செத்தால் எது போகும்? ஏனென்றால் டிஸ்குகளைச் சேர்க்கும்போது இடம் மட்டும் கூடுவதில்லை, ஆபத்தும் கூடுகிறது. ஒரு டிஸ்க் ஓர் ஆண்டில் சாக 2 சதவீத வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நான்கில் ஏதாவது ஒன்று சாகும் வாய்ப்பு 7.8 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் நான்கையும் கோத்தால், அந்த 7.8 சதவீதத்தில் போவது நான்கில் ஒரு பங்கு அல்ல, மொத்த வால்யூமும். தனித்தனியாக இருந்தபோது ஏழு கல்யாணம் போகும். சேர்த்த பிறகு இருபத்தெட்டும் போகும்.

எனவே நான்கு டிஸ்கையும் அப்படியே வரிசையாகக் கோக்கும் முறையை, திரும்ப எடுத்துவிடக்கூடிய தரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ரெண்டர் செய்யும்போது உண்டாகும் தற்காலிக ஃபைல்கள், இணையத்திலிருந்து மறுபடி இறக்கிவிடக்கூடியவை. 16 டிபியும் கிடைக்கும், வேகமும் கிடைக்கும், உத்தரவாதம் மட்டும் கிடையாது.

மீதி மூன்று வழிகளும் கொஞ்சம் இடத்தைக் கொடுத்து உத்தரவாதத்தை வாங்குபவை. ரெய்டு-இசட்1 ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாரிட்டிக்கு ஒதுக்கும். 12 டிபி மிஞ்சும். எந்த ஒரு டிஸ்க் போனாலும் தரவு இருக்கும். ரெய்டு-இசட்2-இல் மிஞ்சுவது 8 டிபி. எந்த இரண்டு போனாலும் தாங்கும். மூன்றாவது, இரண்டு ஜோடி மிரர். இதிலும் 8 டிபிதான். ஒவ்வொரு ஜோடியிலும் இரு டிஸ்குகளும் ஒரே தரவை வைத்திருக்கும். ஒரு டிஸ்க் போனால் கவலையில்லை. இரண்டாவதாகப் போவது மற்ற ஜோடியில் ஒன்றானாலும் பிழைக்கும். செத்ததன் துணையே போனால் எல்லாம் போச்சு. மீதியிருக்கும் மூன்றில் ஒன்று அந்தத் துணை.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ரெய்டு-இசட்2 தான் சிறந்தது என்று தோன்றும். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அது சரிதான். ஆனாலும் சிறிய அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நான் சொல்வது இரண்டு ஜோடி மிரர். செத்த டிஸ்குக்குப் பதில் புதியதைப் போட்டால், துணையிலிருந்து நேராக நகலெடுத்து வேலை முடிகிறது. மற்ற ஜோடியைத் தொடுவதே இல்லை. சின்னச் சின்ன ஃபைல்களைத் தாறுமாறாக வாசிக்கும் வேலையில், ரெய்டு-இசட் தொகுதி ஏறக்குறைய ஒரே டிஸ்கின் வேகத்தைத்தான் தரும். மிரர் அதைவிட எவ்வளவோ மேல். நாளை இடம் போதாவிட்டால் இரண்டு டிஸ்க் வாங்கி இன்னொரு ஜோடியாகச் சேர்க்கலாம், அல்லது ஒரு ஜோடியை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்குக்கு மாற்றலாம். ரெய்டு-இசட் தொகுதியில் ஒரு டிஸ்க் கூட்டும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் சேர்ந்தது. அதிலும் பழைய தரவு, மறுபடி எழுதப்படும் வரை பழைய விகிதத்திலேயே பாரிட்டியைச் சுமந்துகொண்டிருக்கும்.

ரெய்டு-இசட்1-ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு டிஸ்க் செத்ததும் மிச்சம் மூன்றிலும் உள்ள தரவு முழுவதையும் வாசித்துத்தான் புதியதை நிரப்ப முடியும். சாதாரண டிஸ்குகளின் விவரத்தாளில், திருத்த முடியாத வாசிப்புப் பிழை 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்றுக்குள் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபிக்கு ஒன்று. நடைமுறையில் அவ்வளவு மோசமாக நடப்பதில்லை என்றாலும், மூன்று 4 டிபி டிஸ்கை முழுக்க வாசிப்பது அந்த எல்லைக்குப் பக்கம் போய்விடுகிறது. இசட்எஃப்எஸ்ஸின் நல்ல குணம், அப்படி ஒரு பிழை வந்தாலும் மொத்தப் பூலையும், அதாவது இணைத்த டிஸ்குகள் சேர்ந்த தொகுப்பையும், கைவிடாது. பாழான ஃபைலின் பெயரைச் சொல்லிவிட்டு மற்றதைக் காப்பாற்றும்.

டிஸ்குகளைத் தயார் செய்வது

ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து நான்கையும் வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் தயாரானவை ஒரே குறையைச் சுமந்து, ஒரே காலத்தில் சாகக்கூடும். இரண்டு இடத்தில் வாங்கி, ஒவ்வொரு ஜோடியிலும் இருவகையும் இருக்கும்படி கலந்து போடுங்கள். எஸ்எம்ஆர் முறையில் பதியும் டிஸ்குகளைத் தவிருங்கள். அவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால், இடைவிடாமல் எழுதும்போது வேகம் தரைமட்டமாகிவிடும். மணிக்கணக்கில் முடிய வேண்டிய மறுநிரப்பல் நாள்கணக்கில் இழுக்கும். டிஸ்கின் பெட்டியில் இதைப் பெரும்பாலும் அச்சிடமாட்டார்கள். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

டிஸ்குகளை ரெய்டு கார்டு ஒன்றின் பின்னால் ஒளித்துவைக்க வேண்டாம். இசட்எஃப்எஸ் டிஸ்கோடு நேரடியாகப் பேச வேண்டும். மதர்போர்டின் சாட்டா போர்ட்டே போதும். யூஎஸ்பி பெட்டிகள் இந்த வேலைக்கு ஆகாது. கேபிள் லேசாக அசைந்தாலும் டிஸ்க் காணாமல்போய்த் திரும்பி வரும்.

மாட்டியதும் "கேம்கன்ட்ரோல் டெவ்லிஸ்ட்" என்று அடித்தால் ஏடிஏ0, ஏடிஏ1 என்று வரிசையாகக் காட்டும். இந்தப் பெயர்களை நம்பிப் பூல் கட்டாதீர்கள். ஒரு கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலே இவை இடம் மாறும். இசட்எஃப்எஸ் குழம்பாது, நீங்கள் குழம்புவீர்கள். செத்த டிஸ்கைக் கழற்றப்போய் நல்லதைக் கழற்றுவது இந்தத் தொழிலில் மிகப் பழைய விபத்து. "ஸ்மார்ட்சிடிஎல் -ஐ" கட்டளையில் ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணையும் எடுத்து, அதன் கடைசி நான்கு இலக்கத்தை டிஸ்கின் ஓரத்தில், மாட்டிய நிலையிலும் கண்ணில் படும்படி, மார்க்கரால் எழுதிவிடுங்கள். பிறகு அதே எண்ணைப் பார்ட்டிஷன் லேபிளிலும் வையுங்கள்:

ஜிபார்ட் கிரியேட் -எஸ் ஜிபிடி ஏடிஏ1
ஜிபார்ட் ஆட் -டி ஃப்ரீபிஎஸ்டி-இசட்எஃப்எஸ் -ஏ 1எம் -எஸ் 3724ஜி -எல் பே1-4471 ஏடிஏ1

3724 எங்கிருந்து வந்தது? 4 டிபி என்று விற்கும் டிஸ்கில் பொதுவாக 4,000,787,030,016 பைட்டுகள் இருக்கும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். ஃப்ரீபிஎஸ்டி 1024-ஆல் வகுக்கிறது. அப்படி வகுத்தால் 3726 ஜிபி வரும். அதில் 2 ஜிபியை வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். நாளை மாற்றாக வாங்கும் வேறு நிறுவனத்து டிஸ்க் ஒரு துளி சிறியதாக இருந்தால்கூட இசட்எஃப்எஸ் அதை ஏற்காது. இந்த 2 ஜிபி அந்த நாளுக்கான இடைவெளி. மற்ற மூன்றுக்கும் இதையே செய்து பே2-9026, பே3-1358, பே4-7740 என்று லேபிள் கொடுத்தோம் என்று கொள்ளுங்கள்.

பூலைக் கட்டுவது

பூலுக்குப் பத்தாயம் என்று பெயர் வைக்கிறேன். வேலை ஒரே கட்டளையில் முடிகிறது:

இசட்பூல் கிரியேட் -ஓ ஏஷிஃப்ட்=12 பத்தாயம் மிரர் ஜிபிடி/பே1-4471 ஜிபிடி/பே2-9026 மிரர் ஜிபிடி/பே3-1358 ஜிபிடி/பே4-7740

ஏஷிஃப்ட்=12 என்றால் 2-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது 4096 பைட் செக்டர். இன்றைய டிஸ்குகள் உள்ளே 4096 பைட்டாக வேலை செய்துகொண்டு, பழைய மென்பொருளுக்காக வெளியே 512 என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லை நம்பி 512-க்குக் கட்டிவிட்டால், எழுதும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் இரட்டை வேலை செய்யும். கட்டிய பிறகு இந்த எண்ணை மாற்ற வழியே கிடையாது.

"/பத்தாயம்" என்ற டைரக்டரி உடனே தயாராகிவிடும். ஃபார்மட் செய்ய வேண்டாம், எஃப்எஸ்டேப் ஃபைலைத் தொட வேண்டாம். "ஆர்சி.கான்ஃப்" ஃபைலில் இசட்எஃப்எஸ்_எனேபிள் என்பதை யெஸ் ஆக்கிவிட்டால், கணினி எழும்போதெல்லாம் தானே மவுன்ட் ஆகும். 7.27 டிபிக்குப் பக்கத்தில் இடம் காட்டும். 8 எங்கே என்று தேடாதீர்கள். மேலே சொன்ன 1024 கணக்குதான்.

எல்லாவற்றையும் பத்தாயத்தின் தலைமட்டத்தில் கொட்டாமல், "இசட்எஃப்எஸ் கிரியேட் பத்தாயம்/கல்யாணம்", "இசட்எஃப்எஸ் கிரியேட் பத்தாயம்/கணக்கு" என்று தனித்தனி டேட்டாசெட் உண்டாக்குங்கள். இடம் எல்லாவற்றுக்கும் பொது. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி விதி வைக்கலாம்: வீடியோவுக்கு ரெக்கார்டுசைஸ் 1எம், கணக்கு ஃபைல்களுக்கு எல்இசட்4 சுருக்கம், யாராவது ஒருவர் மொத்தத்தையும் விழுங்காமலிருக்க கோட்டா. பழைய பார்ட்டிஷன் முறையில் இதற்கெல்லாம் முன்கூட்டியே அளவு வெட்ட வேண்டியிருந்தது.

எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் இசட்எஃப்எஸ் ஒரு செக்சம் கணக்கிட்டு, அதை அந்தப் பிளாக்கோடு வைக்காமல், அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. வாசிக்கும்போது செக்சம் ஒத்துப்போகாவிட்டால் மிரரின் மறுபக்கத்தை வாசித்து, சரியானதை உங்களுக்குத் தந்துவிட்டு, கெட்டுப்போன பக்கத்தையும் திருத்தி எழுதிவிடும். டிஸ்க் பிழை எதுவும் சொல்லாமல் தப்பான தரவைக் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. மற்ற பல முறைகளில் அது யாருக்கும் தெரியாமல் பேக்கப் வரை போய்ச் சேரும். இசட்எஃப்எஸ்ஸை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு குணம்.

ஆட் வேறு, அட்டாச் வேறு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் இரண்டு முறை படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

"இசட்பூல் அட்டாச்" ஏற்கெனவே இருக்கும் டிஸ்க் ஒன்றுக்குத் துணையைச் சேர்த்து மிரராக்கும். இடம் கூடாது, பாதுகாப்பு கூடும். "இசட்பூல் ஆட்" பூலோடு புதிய தொகுதியைக் கோக்கும். இடம் கூடும். பூல் என்பது தொகுதிகளின் சங்கிலி. ஒரு தொகுதி முழுதாகப் போனால் பூலே போகும். இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு மிரர் உள்ள பத்தாயத்தில் ஒற்றை டிஸ்கை ஆட் செய்தால், அந்த ஒற்றை டிஸ்க் சாகும் நாளில் நான்கு நல்ல டிஸ்குகளில் இருப்பதும் சேர்ந்து போகும்.

இசட்எஃப்எஸ் இதைத் தடுக்கப் பார்க்கும். தொகுதிகளின் பாதுகாப்பு அளவு ஒத்துப்போகவில்லை என்று மறுத்துவிட்டு, கட்டாயமென்றால் -எஃப் போடச் சொல்லும். அவசரத்தில் இருப்பவர் -எஃப் போட்டுவிடுவார். அந்த எழுத்தைத் தொடும் முன் கையை எடுத்துவிட்டு, கட்டளையை முதலிலிருந்து படியுங்கள். இதைவிட மோசமானது, பூலில் ஒரே ஒரு டிஸ்க் இருக்கும் நிலை. அங்கே மிரராக்க நினைத்து அட்டாச்சுக்குப் பதில் ஆட் என்று அடித்தால் எந்த எச்சரிக்கையும் வராது. சத்தமில்லாமல் இரண்டையும் கோத்துவிடும்.

மிரர் மட்டுமே உள்ள பூலாக இருந்தால் புதிய பதிப்புகளில் "இசட்பூல் ரிமூவ்" மூலம் தொகுதியை வெளியே எடுக்க முடியும். ரெய்டு-இசட் இருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். ஆகவே ஆட் செய்யும் முன் இரண்டு பழக்கம் வேண்டும். -என் சேர்த்து அடித்தால் எதையும் செய்யாமல், செய்தால் பூல் எப்படி இருக்கும் என்று படம் மட்டும் காட்டும். "இசட்பூல் செக்பாயின்ட் பத்தாயம்" என்று அடித்தால் பூலின் இப்போதைய நிலை முழுவதும் பதிவாகும். தவறு நேர்ந்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம். திருப்தியானதும் செக்பாயின்ட்டை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை அழித்த ஃபைல்களின் இடம் திரும்பக் கிடைக்காது.

பயிற்சிக்கு உண்மையான டிஸ்க் தேவையில்லை. "டிரங்கேட்" கட்டளையால் தலா 1 ஜிபி அளவில் நான்கு வெற்று ஃபைல்களை உண்டாக்கி, அவற்றின் முழுப் பாதையைக் கொடுத்து ஒரு பூல் கட்டலாம். அதில் ஆட் செய்து பாருங்கள், ஒரு ஃபைலின் நடுவில் குப்பையை எழுதிவிட்டு இசட்எஃப்எஸ் அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதைப் பாருங்கள், ஒன்றை அழித்துவிட்டு மாற்றிப் பாருங்கள். ஒரு சாயங்காலத்தில் கிடைக்கும் இந்தத் தைரியம் வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஒரு டிஸ்க் போன நாளில்

"இசட்பூல் ஸ்டேட்டஸ்" இப்படிக் காட்டுகிறது:

பத்தாயம் — டிகிரேடட்
மிரர்-0 — ஆன்லைன்
பே1-4471 — ஆன்லைன் 0 0 0
பே2-9026 — ஆன்லைன் 0 0 0
மிரர்-1 — டிகிரேடட்
பே3-1358 — ஃபால்டட் 14 203 0
பே4-7740 — ஆன்லைன் 0 0 0

மூன்று எண்களும் முறையே வாசிப்புப் பிழை, எழுதும் பிழை, செக்சம் பிழை. டிகிரேடட் என்றால் பூல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எடிட் செய்பவர் எதையும் கவனித்திருக்கவே மாட்டார். பதற்றத்தில் கணினியை அணைத்து அணைத்து ஏற்ற வேண்டாம். இப்போது பே4 தன் துணையில்லாமல் நிற்கிறது. பேக்கப் பழையதாக இருந்தால், டிஸ்கை மாற்றும் முன் கடைசி வாரத்து வேலையை வேறெங்காவது நகலெடுத்துவிடுங்கள்.

அடுத்து, டிஸ்க்தான் குற்றவாளியா என்று பாருங்கள். "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" தரும் பட்டியலில் 5, 197 ஆகிய வரிசைகள் சொல்வது மாற்றிவைத்த செக்டர்களையும் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்களையும். அவை ஏறியிருந்தால் டிஸ்கின் ஆயுள் முடிந்தது. அவை சுழியமாக இருந்து 199-ஆம் வரிசை மட்டும் ஏறியிருந்தால், டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது, பெரும்பாலும் கேபிள். புது சாட்டா கேபிள் மாட்டி, "இசட்பூல் கிளியர்" செய்து, பூல் முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓடவிட்டுப் பாருங்கள். நல்ல டிஸ்க் குப்பைக்குப் போகாமல் தப்பும்.

டிஸ்க்தான் என்று உறுதியானால், "இசட்பூல் ஆஃப்லைன் பத்தாயம் ஜிபிடி/பே3-1358". கணினியை நிறுத்தி, ஓரத்தில் 1358 என்று எழுதியிருப்பதைக் கழற்றி, புதியதை மாட்டி, பே3-6612 என்று லேபிள் கொடுத்து:

இசட்பூல் ரிப்ளேஸ் பத்தாயம் ஜிபிடி/பே3-1358 ஜிபிடி/பே3-6612

மறுநிரப்பல் தொடங்கும். இசட்எஃப்எஸ்ஸுக்கு எந்தப் பிளாக்கில் தரவு இருக்கிறது என்று தெரியுமாதலால் காலியிடத்தை நகலெடுத்து நேரம் போக்காது. அந்த ஜோடியில் 3 டிபி தரவு இருந்து, சராசரி விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் ஐந்தரை மணி நேரம். நடுவே எடிட்டிங் ஓடினால் இன்னும் இழுக்கும். காலி சாட்டா போர்ட் ஒன்று இருந்து, பழைய டிஸ்க் முழுதாகச் சாகாமல் திணறிக்கொண்டிருந்தால், அதைக் கழற்றாமலேயே புதியதை மாட்டி ரிப்ளேஸ் செய்யுங்கள். துணையில் ஒரு பிளாக் கெட்டிருந்தால்கூட, திணறும் டிஸ்கில் அது நன்றாக இருக்கலாம்.

இதெல்லாம் டிஸ்க் செத்த செய்தி உங்களுக்குத் தெரிந்தால்தான். மிரரின் ஒரு பக்கம் செத்தது தெரியாமலே மாதக்கணக்கில் ஓடி, மறுபக்கமும் செத்த பிறகு விழித்துக்கொள்ளும் அலுவலகங்கள் இருக்கின்றன. "பீரியாடிக்.கான்ஃப்" ஃபைலில் டெய்லி_ஸ்டேட்டஸ்_இசட்எஃப்எஸ்_எனேபிள், டெய்லி_ஸ்க்ரப்_இசட்எஃப்எஸ்_எனேபிள் இரண்டையும் யெஸ் ஆக்குங்கள். முதலாவது பூலின் நிலையைத் தினமும் மெயிலில் அனுப்பும். இரண்டாவது, 35 நாளுக்கு ஒரு முறை பூல் முழுவதையும் வாசித்துச் செக்சம் பார்க்கும். யாரும் திறக்காத பழைய ஆல்பத்தில் ஒரு பிளாக் கெட்டுக்கிடப்பதை இந்த ஸ்க்ரப் மட்டும்தான் கண்டுபிடிக்கும். மெயில் நிஜமாகவே உங்கள் கைக்கு வருகிறதா என்பதை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

லினக்ஸில் எல்விஎம்

எல்விஎம்முக்கு என்று ஓர் இடம் உண்டு. 2 டிபி, 3 டிபி, 6 டிபி என்று கையில் இருப்பதெல்லாம் வெவ்வேறு அளவு என்றால், மிரர் ஜோடி சரியாக அமையாது. எல்விஎம் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பிவிகிரியேட் ஒவ்வொரு டிஸ்கையும் பதிவு செய்யும். விஜிகிரியேட் அவற்றை ஒரு குழுவாக்கும். எல்விகிரியேட் அந்தக் குழுவிலிருந்து வேண்டிய அளவு வால்யூம் வெட்டும். அதன்மேல் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் போட்டு மவுன்ட் செய்ய வேண்டும். பிறகு டிஸ்க் சேர்க்க விஜிஎக்ஸ்டென்ட், வால்யூமை நீட்ட எல்விஎக்ஸ்டென்ட். அதோடு -ஆர் சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே நீளும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நீட்டலாம், சுருக்க முடியாது. சுருக்கும் தேவை வரலாம் என்றால் எக்ஸ்ட்4.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பிவிமூவ். வயதான டிஸ்க் ஒன்றில் உள்ளதையெல்லாம், ஃபைல்களை யாரும் மூடாமலேயே, குழுவின் மற்ற டிஸ்குகளுக்கு நகர்த்திவிட்டு அந்த டிஸ்கை விடுவிக்கும். மற்ற டிஸ்குகளில் அந்த அளவுக்குக் காலியிடம் இருந்தால் போதும்.

ஆனால் சும்மா எல்விகிரியேட் என்றால் கிடைப்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வால்யூம். எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நடுவில் ஒரு டிஸ்க் போனால் ஃபைல் சிஸ்டத்தின் நடுவில் பெரிய ஓட்டை விழும். மீட்பவர்களிடம் கொண்டுபோனால் கொஞ்சம் தேறலாம்; அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. டைப் ரெய்டு1 என்று சொல்லி எல்விகிரியேட் செய்யுங்கள், அல்லது எம்டிஏடிஎம் கொண்டு முதலில் ரெய்டு கட்டி அதன்மேல் எல்விஎம் போடுங்கள்.

டிஸ்குகளை இணைக்கவே வேண்டாம், ஒரே மரமாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு மெர்ஜர்எஃப்எஸ் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கும் தன் சொந்த ஃபைல் சிஸ்டத்தோடு தனியாகவே இருக்கும். மெர்ஜர்எஃப்எஸ் மேலே ஒரு பொது முகப்பைக் காட்டி, புது ஃபைலை எதில் வைப்பது என்று தீர்மானிக்கும். ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்தவை மட்டும் போகும். வீட்டில் சினிமா, பாட்டு வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். தினமும் எழுதித் திருத்தும் வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

பேக்கப்பும், வேறு கணினிக்கு மாற்றுவதும்

மிரர் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த டைரக்டரி இரண்டு பக்கத்திலும் ஒரே நொடியில் அழியும். இடி விழுந்து பவர் சப்ளை கருகினால் நான்கும் சேர்ந்து போகலாம். அழித்ததை மீட்க ஸ்னாப்ஷாட் இருக்கிறது: "இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் பத்தாயம்/கல்யாணம்@திங்கள்" என்று எடுத்தால் ஒரு நொடிகூட ஆகாது, மாறிய பிளாக்குகளுக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும். கருகியதை மீட்க வேறு கட்டடத்தில் இன்னொரு டிஸ்க் வேண்டும். "இசட்எஃப்எஸ் சென்ட்" ஒரு ஸ்னாப்ஷாட்டை அப்படியே ஓடையாக அனுப்பும். மறுமுனையில் "இசட்எஃப்எஸ் ரிசீவ்" வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை -ஐ சேர்த்து முந்தைய ஸ்னாப்ஷாட்டின் பெயரையும் கொடுத்தால், நடுவில் மாறியது மட்டும் போகும். ஒரு வெளி டிஸ்கில் தனிப் பூல் கட்டி, வாரம் ஒரு முறை அனுப்பி, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். நான்கு டிஸ்க் வாங்கப் பணம் இருந்து இதற்கு இல்லையென்றால், ஒரு ஜோடி மிரரோடு தொடங்கி மீதிப் பணத்தை வெளி டிஸ்குக்குப் போடுங்கள்.

கணினியையே மாற்றும் நாளில் "இசட்பூல் எக்ஸ்போர்ட் பத்தாயம்" செய்து, டிஸ்குகளைக் கழற்றிப் புதுக் கணினியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாட்டி, "இசட்பூல் இம்போர்ட் பத்தாயம்" செய்யலாம். ஒவ்வொரு டிஸ்கிலும் தன் பூல் எது, தன் இடம் எது என்ற குறிப்பு நான்கு பிரதிகளாக இருக்கும்: தொடக்கத்தில் இரண்டு, முடிவில் இரண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் கட்டியதை லினக்ஸிலும் இம்போர்ட் செய்ய முடியும், இரண்டு பக்கமும் பூலின் வசதிகளைப் புரிந்துகொள்ளும் பதிப்பாக இருந்தால். சிஸ்டத்தை அப்டேட் செய்த பிறகு, சில வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை, "இசட்பூல் அப்கிரேட்" செய்யுங்கள் என்று ஸ்டேட்டஸ் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருக்கும். அது பிழைச் செய்தி அல்ல. பூல் நலமாகவே இருக்கிறது. அப்கிரேட் செய்தபின் புது வசதி ஒன்று பயன்பாட்டுக்கு வந்துவிட்டால், பழைய பதிப்பு அந்தப் பூலைத் திறக்க மறுக்கக்கூடும். பழைய பதிப்புக்கோ, பழைய பதிப்பு ஓடும் இன்னொரு கணினிக்கோ திரும்ப வேண்டியிராது என்று உறுதியாகும் வரை அந்தக் கட்டளையை அடிக்காதீர்கள்.